உருட்டு உரலுக்கு உறுப்புகள் தேடினோம்

(வெள்ளிவிழாவையொட்டி நடந்த தொழிற்கல்வி அரங்கில், மாலைநேரத் தொழில் வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

எங்களுக்கு முன் பேசிய சான்றோர் கல்வியின் பெருமையை விரிவாக எடுத்துரைத்தார்கள். எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருளோ மிகச் சிறியது. கொட்டகையின் மூலையில் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும் அந்த இயந்திரத்தை எவ்வாறு செய்தீர்கள், அதற்கு வேண்டிய உறுப்புகளை எங்கே பிடித்தீர்கள் என்று பலரும் கேட்கின்றனர். அதனை மட்டும் சொல்ல முற்படுகின்றோம்.

அதன் ஆங்கிலப் பெயர் ‘பால் மில்’. செங்கற்பட்டில் ஒரு கடையில் இப்பெயரை நாங்கள் முதன்முதல் சொன்னபோது, கடைக்காரர் எங்களைப் பால் பண்ணை வைப்பவர்கள் என்று எண்ணிக் கறவை மாடு எத்தனை என்று விசாரித்தார். இங்கே ‘பால்’ என்பது பந்து. ஓர் உருளைக்குள் உருண்டைக் கற்களையும் அரைக்க வேண்டிய பொருளையும் நீரையும் இட்டு மூடி, உருளையைப் படுக்கவைத்துச் சுழற்றினால், கற்கள் சுவரோடு ஏறி ஏறிச் சரிந்து விழும். இடையில் அகப்பட்ட பொருள் நசுங்கி மாவாகும். மாணவி ஒருத்தியின் பாட்டியார் இதனைப் பார்த்துவிட்டு, “இது உருட்டு உரல்தானே!” என்றார். எங்கள் வகுப்பில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இது எதற்கு என்று கேட்பீர்கள். மண்பாண்டம் வனைதல் நம் நாட்டில் ஒரு குலத்தாரின் தொழிலாக இருந்து வந்துள்ளது. அவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். அதில் நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஆனால் பாண்டத்தின்மேல் கண்ணாடி போன்ற மெருகை ஏற்றிச் சூளையில் சுடும் கலை எந்தக் குலத்துக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி போன்ற இடங்களிலும், பின்னர் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களிலும், 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்திலும், பயின்று பெறும் கலையாகவே அது வளர்ந்தது. தகப்பன் யார் என்று கேளாமல், கணக்குத் தெரியுமா என்று கேட்கும் தொழில் அது. மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகளுக்குச் சிறு கிண்ணங்களும் வண்ணச் சில்லுகளும் செய்து விற்கலாம் என்ற எண்ணத்தோடு எங்கள் பிள்ளைகள் அதனைத் தேர்ந்தார்கள்.

மெருகுக்கு வேண்டியவை பெல்ஸ்பார் கல், படிகக்கல், சுண்ணாம்பு, வெண்களிமண் ஆகியவை. சுண்ணாம்புக்குக் கடற்கரைக் கிளிஞ்சல் உதவும். இவையெல்லாம் முகப்பூச்சு மாவினைப் போல் நுணுக்கமாக வேண்டும். முதலில் இரும்பு உரலில் இடித்துச் சலித்தோம். இரண்டு நாள்களில் கொட்டகை முழுதும் வெண்புகை போல் தூள் படிந்தது. அதனைக் கண்ட பெரியவர் ஒருவர், இளமையில் கல்குவாரியில் உடைத்தவர், இருமிக்கொண்டே வந்து, “எங்களுக்கு ஆனது போதாதா?” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சொல்லுக்குப் பின் உலக்கையைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை. படிகக்கல்லின் நுண்தூள் மூச்சோடு நுரையீரலை அடைந்தால் அங்கேயே தங்கும். தங்கிய இடம் தழும்பாகும். தழும்பு பெருகப் பெருக மூச்சு குறையும். சிலிகோசிஸ் என்னும் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. கல்லுடைத்தே நுரையீரலை இழந்தவர்களின் பிள்ளைகள், படித்துப் பழகும் தொழிலிலும் அதே தூளை விழுங்குவதா? மூடிய உருளைக்குள் நீரோடு சேர்த்து அரைத்தால் தூள் எழும்பாது. ஆகவே உருட்டு உரல் எங்களுக்கு வசதிப் பொருளாக அன்றி, வேறு வழியில்லாத தேவையாகவே வந்து சேர்ந்தது. புதிதாக வாங்கவோ பணமில்லை. உறுப்பு உறுப்பாகத் தேடத் தொடங்கினோம்.

உருளைக்கு முதலில் இரும்பு டப்பா ஒன்றை எண்ணினோம். இரும்பு தேய்ந்து மெருகில் கலந்தால் வெண்மை கெட்டுப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும் என்று அறிந்து அதனை விட்டோம். ஊறுகாய் ஜாடியும் ஆராயப்பட்டது. வயிறு பருத்தும் வாய் சிறுத்தும் இருப்பதால் உருளைகளின்மேல் நேராக ஓடாது. முடிவில் ஒரு குடிநீர்க் குழாய் வேலையில் மிஞ்சிய 200 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், எங்களுக்குக் கிடைத்தது. உட்புறம் தேயாமலும் ஓசை அடங்கவும் பழைய லாரிச் சக்கரத்தின் டியூபை வெட்டி ஒட்டினோம். மோட்டார், பழுதாகி மூலையில் கிடந்த ஒரு மாவரைக்கும் கிரைண்டரில் இருந்து வந்தது. கால் குதிரைத்திறனே போதும். கிடைத்ததோ அரைக் குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று.

உருளையைத் தாங்கிச் சுழற்ற இரண்டு தண்டுகள் வேண்டும். சாதாரண இரும்புத் தண்டை வாங்கி, ஒரு மழைக்காலம் கொட்டகையில் வைத்திருந்தோம். கடற்காற்று அதனைச் செதில் செதிலாக உரித்துவிட்டது. நம் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பது படகுக்காரர்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியவில்லை. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவரிடம், விசிறியை இழந்த துருவேறா எஃகுத் தண்டு கழிவாகக் கிடந்தது. அவர் எடைக்கு எடை போட்டுக் கொடுத்தார். பட்டறையில் கடைந்து 20 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டாக்கிக்கொண்டோம்.

இனிச் சொல்ல வருவதுதான் எங்கள் தேடலில் நாங்கள் மறக்க முடியாத பகுதி. தண்டின் இரு முனைகளும் சுழல நான்கு பேரிங்குகள் தேவைப்பட்டன. அருகில் இருந்த ஊர் ஒன்றின் கடைக்கு எங்கள் மாணவர் இருவர் சென்றனர். “சக்கரம் போல் இருக்குமே, நடுவில் ஓட்டை, உள்ளே குண்டுகள்...” என்று கையால் காட்டினர். கடையில் இருந்தவர் பொருளைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றார். ஊரில் எந்தத் தெரு என்றார். தெருவைச் சொன்னதும், “போய்ப் பெரியவர் யாரையாவது அழைத்து வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினர். இருவரில் ஒருவன் பத்து நாள் வகுப்பிற்கே வரவில்லை.

அந்தப் பத்து நாள்களில் ஒரு பழைய பேரிங்கைத் துடைத்து, விளிம்பில் பொறித்திருந்த எழுத்துகளை மற்றவர்கள் படித்தனர். 6204 என்று இருந்தது. கடைசி இரண்டு இலக்கமான 04ஐ 5ஆல் பெருக்கினால் 20. அதுவே உள்துளையின் அளவு, மில்லிமீட்டரில். 6205 என்றால் 25. 6206 என்றால் 30. 04க்குக் கீழே மட்டும் இக்கணக்குப் பொருந்தாது: 6202க்குத் துளை 15, 6203க்கு 17. எண்ணுக்குப் பின் இரண்டு இசட் இருந்தால் இருபுறமும் தகடு மூடி. ‘2ஆர்எஸ்’ என்றிருந்தால் ரப்பர் மூடி. நீரும் சேறும் உப்புக்காற்றும் உள்ள இடத்துக்கு ரப்பர் மூடியே தக்கது. வாருக்கும் இவ்வாறே ஒரு மொழி உண்டு. ‘ஏ 42’ என்றால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், உட்சுற்று 42 அங்குலம்.

ஓர் இரவில் பிள்ளைகள் இம்மொழியைக் கற்றுக்கொண்டனர். அடுத்த முறை சென்னைப் பாரிமுனைக்குச் சென்றவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. துணைக்கு நாங்கள் வாசலில் நின்றோம். “6204, 2ஆர்எஸ்” என்றாள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, “எத்தனை?” என்றார். அவர் கேட்டது அந்த ஒன்றே. நான்கு பேரிங்குகளையும் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், ரயில் செங்கற்பட்டை அடையும் வரையில் அப்பொட்டலத்தை மடியை விட்டு இறக்கவில்லை. எங்களில் வயதில் மூத்த ஒருவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எண்ணின் அருமை இம்மாவட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதன்று. செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர் 1891இல் நம் முன்னோரின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் 1010 ஆம் எண் அரசாணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்பது அதன் வழி வந்தது. அந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்கப் போனவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, சர்வே எண் என்ன என்பதே. எண் அறியாமல் எத்தனை பேர் அலுவலக வாசலில் திரும்பினார்கள்! 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரை நாம் இழந்ததும் இதே செங்கற்பட்டில்தான். பேரிங்கைப் பேச வந்து நிலத்தைப் பேசுகிறார்களே என்று எண்ண வேண்டா. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களையும் இப்பிள்ளைகள் இப்போது எண் பார்த்துப் படிக்கத் தொடங்கியிருக்கின்றனர் என்பதனால் சொன்னோம்.

உறுப்புகள் எல்லாம் சேர்ந்து இயந்திரம் ஓடிய முதல் நாளில் நாங்கள் பட்ட ஏமாற்றத்தையும் மறைக்கலாகாது. மோட்டாரில் 2 அங்குலக் கப்பி, தண்டில் 4 அங்குலக் கப்பி பூட்டினோம். உருளை சிறிதும் ஓசையின்றிச் சுழன்றது. எவ்வளவு நேர்த்தி என்று மகிழ்ந்தோம். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால், போட்ட கல் போட்டபடியே இருந்தது. வேகம் மிகுந்ததால் மையவிலக்கு விசையினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விழாமலே சுற்றியிருக்கின்றன. ஓசை இல்லாதது நேர்த்தியால் அன்று; வேலை நடக்காததால்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. உருளையின் உள்விட்டத்திலிருந்து கல்லின் விட்டத்தைக் கழித்து, மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் கண்டு, 42.3ஐ அதனால் வகுத்தால், கற்கள் ஒட்டிக்கொள்ளும் வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கிடைக்கும். நம் உருளைக்கு உள்விட்டம் 18 சென்டிமீட்டர், கல் 2½ சென்டிமீட்டர்; விடை ஏறத்தாழ 107. ஓட வேண்டியது அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை. நாங்கள் ஓட்டியதோ 180! தண்டுக்கு 10 அங்குலக் கப்பி தேடி மீண்டும் அலைந்தோம், புதுப்பேட்டையில் கிடைத்தது. 1440 சுற்று ஐந்தில் ஒன்றாகி 288. ரப்பர் சுற்றிய தண்டு 50 மில்லிமீட்டர், உருளை 200 ஆதலால் அது நான்கில் ஒன்றாகி 72. அன்று எழுந்த கடகடப்புதான் இன்று நீங்கள் கேட்பது. 2 அங்குலக் கப்பி ‘ஏ’ வாருக்குச் சற்றுச் சிறிது. வார் விரைவில் தேய்கின்றது. அக்குறை இன்னும் தீரவில்லை.

அரைக்கும் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லாரி பேரிங்கின் குண்டுகள் இரும்பானதால் ஆகா. பிள்ளைகள் கோலிக்குண்டுகளைக் கொண்டு வந்தனர். அவை விரைவில் தேய்ந்தன. மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையோரமாக நடந்து தேடினோம். மணலும் கிளிஞ்சலுமே அன்றி, உருண்ட கல் அகப்படவில்லை. சிற்பக்கூடங்களின் சில்லுகளோ கூர்முனை உடையவை. ஐரோப்பியர் தங்கள் ஆலைகளுக்கு டென்மார்க்கு, நார்மண்டிக் கடற்கரைகளின் உருண்டைக் கற்களைப் பொறுக்கினர் என்று படித்திருந்தோம். நம் கூழாங்கல் கடலில் இல்லை, நிலத்தில் இருந்தது. செங்கற்பட்டு வட்டாரத்துச் செம்மண் சரளைக் குழிகளில் குவார்ட்சைட்டு என்னும் கடினமான கற்கள், பழங்காலத்து ஆறுகள் உருட்டி வழுவழுப்பாக்கியவை, நிரம்பக் கிடக்கின்றன. 1863இல் இராபர்ட் புரூஸ் புட் பல்லாவரத்துச் சரளையில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியும் இவ்வினக் கல்லால் ஆனதே. அக்கல்லின் தகுதியை மிகப் பழைய மனிதர் அறிந்திருந்தனர். நாங்கள் கடைசியாக அறிந்தோம். ஐந்து கிலோ பொறுக்கிக் கழுவி இட்டால் உருளையில் பாதி நிரம்புகின்றது. அதன்மேல் ஒன்றரைக் கிலோ பொருளும் ஒரு லிட்டர் நீரும். எட்டு மணி நேரம் ஓடினால் 200 கண் சல்லடையில் பெரும்பகுதி இறங்கிவிடுகின்றது.

இதனைப் பார்த்துவிட்டுத் தாமும் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்து இவ்வுரலில் அரைக்க எவரேனும் துணிந்தால், அது உரல் அன்று, வெடிகுண்டு. எங்கள் கொட்டகையில் அதற்கு இடமில்லை. ஈயச் செந்தூரமும் அவ்வாறே விலக்கப்பட்டது. மெருகு பளபளக்கும், உண்பவர் உடல் கெடும். வாருக்கும் கப்பிக்கும் மரப்பெட்டி மூடி செய்திருக்கின்றோம்; தாவணி முனையும் வேட்டி முனையும் அகப்படாதிருக்க அது வேண்டும். மோட்டாருக்கு எர்த்துக் கம்பி இன்றியமையாதது.

வகுப்பை விட்டு நின்ற மாணவன் திரும்பி வந்துவிட்டான் என்பதையும் தெரிவித்துக்கொள்கின்றோம். உருளையின் மூடி கசிந்துகொண்டே இருந்தது; சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி, நான்கு திருகாணி இட்டு அதனை அடைத்தவன் அவனே. இப்போது இரண்டாவது உருளைக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கின்றான். அதற்கு இன்னும் ஓர் அடி நீளமுள்ள 200 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு வேண்டும். வீடு கட்டும் இடங்களில் மிச்சம் கண்டவர்கள், சனிக்கிழமை மாலைகளில் கொட்டகைக்குக் கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். இயந்திரத்தின் அளவுகள் அனைத்தும் சுவரில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. எவரும் வந்து படி எடுத்துக்கொள்ளலாம்.