அடைமொழிக்கு உரிய இடம்

(நம் சங்கத்து மாணாக்கர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் பிள்ளைகளில் பலர் பாங்கி உத்தியோகப் பரீட்சைக்கு முயல்கின்றனர். ஐ.பி.பி.எஸ். நடத்தும் முதனிலைப் பரீட்சையில் ஆங்கிலத்திற்கு 30 வினாக்கள், 20 நிமிஷங்கள். வினாவொன்றிற்கு 40 விநாடியே கிடைக்கும். பிழையான விடைக்கு அவ்வினாவின் மார்க்கில் கால் பங்கு கழிக்கப்படும். பிழை காணும் வினாக்களில் நம்மவர் இடறும் இடங்களுள் ஒன்று, அடைமொழி நிற்கும் இடம்.

இதற்குத் தாய்மொழிப் பழக்கமே காரணமென்பது நம் அபிப்பிராயம். தமிழில் 'தான்' என்பது தனக்குரிய சொல்லை விடாது பற்றிக்கொள்ளும். 'ஐந்து ரூபாய்தான் கந்தன் கொடுத்தான்' எனினும், 'கந்தன் ஐந்து ரூபாய்தான் கொடுத்தான்' எனினும் கருத்து மாறாது. ஆங்கிலத்து 'ஒன்லி' அவ்வாறு ஒட்டுவதன்று. அது நிற்குமிடமே பொருளைக் காட்டும். 'ஒன்லி கந்தன் லென்ட் ஃபைவ் ருபீஸ்' என்றால், கடன் கொடுத்தவன் கந்தன் ஒருவனே. 'கந்தன் லென்ட் ஒன்லி ஃபைவ் ருபீஸ்' என்றால், கொடுத்தது ஐந்து ரூபாயே. பேச்சில் இத்துணைக் கண்டிப்பு இல்லை. குரலின் அழுத்தமே பொருளை உணர்த்திவிடும். பௌலர் என்னும் ஆங்கில ஆசிரியர் 1926-இல் வெளியிட்ட வழக்கு நூலில், பொருள் மயங்காதவிடத்து இச்சொல்லைப் பற்றிக் கெடுபிடி வேண்டாவென்றே வாதித்தார். நாமும் அவர் பக்கமே. ஆயினும் வினாத்தாளுக்குக் குரல் ஏது? பரீட்சையில் 'ஒன்லி'யை உரிய சொல்லின் அருகே நிறுத்துவதே க்ஷேமம்.

இதனினும் பெரிய கண்ணி மற்றொன்று உண்டு. 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். 'ஸ்டேஷனுக்கு நடந்து செல்கையில் மழை தொடங்கிற்று' என்று தமிழாக்கிப் பார்க்கும் மாணாக்கன், குற்றமில்லையென்று விட்டுவிடுகிறான். தமிழில் குற்றமில்லைதான், 'செல்கையில்' என்பது வேறொரு எழுவாயின் வினையையும் ஏற்கும். ஆனால் ஆங்கிலத்தின் 'வாக்கிங்' நம் 'நடந்து' என்பதற்கே ஒப்பாவது. 'கந்தன் நடந்து மழை தொடங்கிற்று' என்று யாரேனும் எழுதுவரோ? 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டுமென்பது தொல்காப்பிய வினையியலின் விதி. ('மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவற்றுக்கு உரையாசிரியர்கள் வேறு சமாதானம் கூறுவர், அது இங்கு வேண்டா.) மேற்காட்டிய ஆங்கில வாக்கியத்தின்படி ஸ்டேஷனுக்கு நடந்தது மழையாகும்!

ஆகவே முதலில் 'நடந்தவர் யார்?' என்று வினவுக. காற்புள்ளிக்கு அடுத்து அவர் பெயர் நிற்றல் வேண்டும்: 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், கந்தன் வாஸ் காட் இன் தி ரெயின்'. அன்றேல் 'ஆஸ் கந்தன் வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன்' என எழுவாயை முன்னரே வெளிப்படுத்திவிட்டால், பின்னே மழை வரலாம். அமெரிக்காவில் கல்லூரி சேர்வதற்கான ஸாட் பரீட்சையிலும் இதே கண்ணி வைக்கப்படுகிறது.

இனிப் பலகையில் எழுதியுள்ள வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்.