சுவடி காக்கும் மூலிகைகள்



உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் ஏடு தேடி அலைந்த வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். அவர் கைக்கு எட்டியவை பல. எட்டுமுன் கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையானவையும் பல. எனினும், ஏட்டைக் காக்கும் வழியை முன்னோர் அறியாதவரல்லர். எழுதிய ஓலையில் விளக்குக்கரியையும் மஞ்சளையும் இலைச்சாற்றில் குழைத்துப் பூசினர். எழுத்தும் கறுத்து விளங்கிற்று. பூச்சியும் எளிதில் அணுகவில்லை.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் இம்மரபைப் போற்றி வந்துள்ளது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிப் பொட்டலங்களாகக் கட்டிச் சுவடிகளிடையே வைப்பது அங்குள்ள முறை. உலர்ந்து முறியும் ஓலைக்கு எலுமிச்சைப்புல் தைலம் தடவும் வழக்கமும் சுவடி நிலையங்களில் உண்டு. தைலம் ஓலைக்கு நெகிழ்ச்சி தரும். அதன் மணம் பூச்சியை விலக்கும்.

ஆயினும், ஓலைக்கு ஏற்றதெல்லாம் தாளுக்கு ஏற்றதன்று. தைலமும் மஞ்சளும் தாளைக் கறைப்படுத்தும். பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கிடையே வைப்போர் அதன் ஈரத்தையும் உடன்வைத்து மூடுகின்றனர். வேம்பையும் நொச்சியையும் நிழலில் நன்குலர்த்தி, துணிப்பையிலிட்டு, நூலைத் தொடாதவாறு அலமாரியில் வைத்தல் வேண்டும். மணம் குன்றியதும் மாற்றல் வேண்டும்.

பூசணத்துக்கு மூலம் ஈரமே. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடிக்குமாயின், எம்மூலிகையும் அதனை முற்றத் தடுக்காது. அலமாரியைச் சுவரினின்று சற்று விலக்குதலும், நூல்களை நெருக்கித் திணியாமையும் மூலிகைக்கு முற்பட்ட மருந்துகள். பூசணம் பற்றிய நூலை உடனே பிரித்தெடுத்து, காற்றோட்டத்தில் உலர்த்தி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மென்தூரிகையால் வெளியிடத்தில் துடைத்தல் நன்று.

பொட்டலம் மாற்ற வரும் கையே முதல் துளையைக் காணும் கண்ணுக்கும் வழிகாட்டுகிறது. பழம்பதிப்புகளும் சிற்றிதழ்களும் பல இல்லங்களில் ஒற்றைப் படியாய் எஞ்சியுள்ளன. அவை அழியின் மறுபடி இல்லை. சரசுவதி பூசைக்கு நூல்களை எடுத்தடுக்கும் வழக்கம் இல்லந்தோறும் உண்டு. அதனையடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. அந்நாளில் பொட்டு வைப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு நூலையும் விரித்து நோக்கித் தூசு தட்டிப் புதுவசம்பு வைத்தலும், தைப் பிறந்ததும் மீண்டும் அவ்வாறு செய்தலும் வழிபாட்டின் பகுதியாகட்டும். விரிக்கப்படும் நூலே வாழும்.