மயக்க மருந்தும் ஹிஸ்டமினும்

கொசு கடித்த இடம் சிவந்து தடித்து அரிக்கிறதல்லவா? அந்தத் தடிப்புக்குக் காரணம் நம் உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் பொருள். தோலிலும் மூச்சுக்குழாய்களிலும் இரத்தக் குழாய்களின் ஓரங்களிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் அதைச் சிறுசிறு மணிகளாகச் சேமித்து வைத்திருக்கின்றன.

அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கப்படும் சில மருந்துகளும் இம்மணிகளை உடைத்துவிடுகின்றன. அப்போது முகமும் மார்பும் சிவக்கும். இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். இதயம் படபடவென்று அடிக்கும். சிலருக்கு, குறிப்பாக ஆஸ்துமாக்காரர்களுக்கு, மூச்சுக்குழாய் இறுகுவதும் உண்டு.

தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சு கியூராரே. அதன் சத்தை 1942-ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளியின் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினார்கள். தசை தளர்ந்தது, மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் அதில் அடங்கிய டியூபோகுராரின் ஹிஸ்டமினையும் கிளப்பிவிடுவது பிறகு தெரியவந்தது. பின்னாளில் வந்த வெக்குரோனியத்தில் இத்தொல்லை மிகக் குறைவு. அட்ராகுரியத்தில் ஓரளவு உண்டு. மெதுவாக ஏற்றினால் தணியும். வலிக்குப் போடும் மார்பின் ஊசியிலும் அப்படித்தான். இம்மருந்துகளில் சில, மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட வாயிலைத் தட்டியே இதைச் செய்கின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

"எனக்கு மயக்க ஊசி ஒத்துக்காது, சார்" என்று சொல்லிக் குடலிறக்க அறுவையை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடும் பெரியவர்கள் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வந்தது எது என்று அறிய வேண்டாமா? மெய்யான ஒவ்வாமை என்றால், மிகச் சிறிய அளவு மருந்தே உயிருக்கு உலை வைக்கும். உடனே அட்ரினலின் கொடுக்க வேண்டும். அம்மருந்தை மறுபடி தொடவே கூடாது. வெறும் ஹிஸ்டமின் கிளர்ச்சியோ மருந்தின் அளவையும் ஏற்றும் வேகத்தையும் பொறுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அப்போதே எடுக்கும் இரத்தப் பரிசோதனையும், சில வாரம் கழித்துச் செய்யும் தோல் பரிசோதனையும் வேறுபாட்டை அறிய உதவும்.

ஆகவே, அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால், கொடுத்த மருந்தின் பெயரை மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். அந்தத் தாளை அடையாளக் கார்டோடு வைத்திருந்து, அடுத்த அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.