‘நைஸ்’ என்னும் சொல்



பெங்களூர்த் தமிழ் இல்லங்களில் காலை முதல் இரவு வரை வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிச் சில கூற முற்படுகின்றோம். ‘நைஸ்’ என்பதே அச்சொல். நண்பரும் நைஸ், புடவையும் நைஸ், பாயசமும் நைஸ்! ஓசூர்ச் சாலையையும் துமகூர்ச் சாலையையும் இணைக்கும் சுங்கச் சாலைக்கும் ‘நைஸ் ரோடு’ என்றே பெயர். அது ஒரு நிறுவனப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். நம் சொல்லோடு அதற்கு உறவில்லை.

இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது எதிர்மறை. ‘ஸ்கீரே’ என்பது அறிதல். ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வறிதல் வேரிலிருந்தே கிளைத்தது. ஆகவே சயின்ஸும் நைஸும் ஒரு குடிப் பிறந்தவை. ஒன்று அறிவு, மற்றொன்று அறியாமை! பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்த காலத்தில் ‘பேதை’ என்பதே இதன் பொருள். பின்னர் நாணமுடைய, எளிதில் நிறைவு கொள்ளாத, நுட்பமான எனத் திரிந்து திரிந்து, 18-ஆம் நூற்றாண்டில் ‘இனிய’ என்றாயிற்று. 1817-இல் வெளிவந்த ‘நார்தாங்கர் அபே’ என்னும் நாவலில், இச்சொல்லைப் பொருளறியாது வழங்கும் நங்கையைக் கதைத் தலைவன் நகையாடுமாறு ஜேன் ஆஸ்டின் அம்மையார் எழுதியுள்ளார். ஆங்கிலேயர் அன்றே சலித்த சொல்லை நாம் இன்று தலைமேற் கொண்டுள்ளோம்.

ஆயினும் நம் அடுக்களையில் இதன் போக்கே வேறு. ‘மாவை நைஸாக அரை’ என்னுமிடத்து இனிமை இல்லை, நுண்மையே உண்டு. ‘நைஸாக நழுவினான்’ என்பதில் அதுவும் இல்லை. பிறர் அறியாமல் என்பதே கருத்து. இது நம்மவர் படைத்த பொருள். ‘நைதல்’ என்னும் தமிழ் வினையே இதன் மூலம் என வாதிடும் அன்பர்களும் உளர். ஒலியொப்புமை ஒன்றையே பற்றி உறவு கொண்டாடுவதை யாம் ஏற்கோம்.

நம் கவலை வேறு. பாயசத்திற்குச் சுவை, புடவைக்கு அழகு, நண்பருக்குப் பண்பு என வேறுபடுத்திப் பேசிய வழக்கு நம் பிள்ளைகளிடம் தேய்ந்து வருகின்றது. ‘மைய அரை’ என்றால் விழிக்கின்றனர். அண்டை வீட்டுக் கன்னடத் தாயாரோ இன்றும் ‘நுண்ணகெ’ அரைக்கச் சொல்கின்றார். நம் ‘நுண்’ணும் அவருடைய ‘நுண்’ணும் ஒரே வேரினவே. நம் வீட்டில் ஒலி குன்றிய அச்சொல், சுவருக்கு அப்பால் நாள்தோறும் கேட்கின்றது.