பென்சிலா, கிரேயானா?



நவராத்திரி நெருங்குகிறது. பின்னாலேயே தீபாவளி. கரோல் பாக், ஆர்.கே.புரம் பக்கம் கொலு வைக்கும் தமிழ் வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குக் காகிதக் குடை வேண்டும், தோரணம் வேண்டும், சின்னச் சின்னப் பெட்டிகள் வேண்டும். தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வேண்டும். குழுவின் கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அதைத் தண்ணீரில் கரையும் கலர் பென்சிலுக்குப் போடுவதா, தண்ணீரில் கரையும் கிரேயானுக்குப் போடுவதா? போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்.

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உலர்ந்த தாளில் கோடு போடுகிறோம். அதன்மேல் ஈரத் தூரிகையால் தடவுகிறோம். கோடு கரைந்து வண்ணமாகப் பரவுகிறது. பழைய நாளில் ஆபீஸ்களில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது. ஈரம் பட்டால் எழுத்து ஊதாவாக மாறும். பலர் அதை நாக்கில் தொட்டு எழுதி, வாயெல்லாம் ஊதாவாகிப் போவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். வண்ணம் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தண்ணீரில் கரையும் கலர் பென்சில் சுவிட்சர்லாந்து நாட்டில் 1931-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

சாவ்ரி பஜாரிலும் நயி சடக்கிலும் காகிதமும் எழுதுபொருளும் மொத்தமாகக் கிடைக்கும். அங்கே போனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண மெழுகுக் கிரேயான் தண்ணீரில் கரையாது. ஆயில் பாஸ்டலும் கரையாது. பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். பெட்டியில் 'வாட்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தூரிகைப் படமும் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, ஈர விரலால் தேயுங்கள். கரைந்தால் வாங்கலாம்.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். பென்சிலின் முனை கூர்மை. கோலத்தின் இழை, மயிலின் கண், விளக்கின் சுடர் எல்லாம் அதில் சுத்தமாக வரும். ஆனால் ஒரு முழு அட்டையை நிரப்ப வேண்டுமானால் கை வலித்துவிடும். கிரேயான் தடிமன். நாலு இழுப்பில் வானம் முழுவதும் நீலமாகிவிடும். நிறமும் அழுத்தமாக இருக்கும். ஆனால் சின்னக் கண்ணை அதில் வரைந்தால் கண் இருக்காது, புள்ளிதான் இருக்கும்.

படம் வரைகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நாம் செய்வது காகித வேலை. மடிக்கிறோம், ஒட்டுகிறோம், அடுக்கி வைக்கிறோம். அங்கேதான் நஷ்டம் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலம். ஒரு கடைக்கு 50 அட்டை செய்து கொடுத்தேன். கிரேயானைக் கெட்டியாகப் பூசினேன். பளபளவென்று அழகாக இருக்கிறதே என்று பல இடங்களில் தண்ணீர் தொடாமலே விட்டுவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினேன். பிரித்துப் பார்த்தால் ஒவ்வோர் அட்டையின் முதுகிலும் அடுத்த அட்டையின் சிவப்பு. மடிப்பில் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. 30 அட்டைகள் திரும்பி வந்தன. காகிதக் காசும் போயிற்று, ஒரு வாரக் கூலியும் போயிற்று.

அதிலிருந்து மடிப்புக் கோட்டின்மேல் நான் கிரேயான் வைப்பதே இல்லை. அங்கே பென்சில்தான். அதையும் லேசாகத்தான் தீட்டுவேன். கிரேயான் பூசிய இடம் முழுவதையும் தண்ணீரால் கரைத்து, நன்றாகக் காய வைப்பேன். அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வைப்பேன்.

பசை தடவும் ஓரத்தை வெறுமையாக விடுங்கள். பசையில் தண்ணீர் இருக்கிறது. அது பட்டால் பென்சில் வண்ணமும் கரையும், கிரேயான் வண்ணமும் கரையும். கிரேயானைக் கெட்டியாகப் பூசிய இடத்தில் பசை சரியாகப் பிடிக்கவும் செய்யாது. கொலு அன்றைக்குப் பெட்டியின் வாய் திறந்துகொள்ளும்.

தாளையும் பாருங்கள். கட்டின்மேல் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 என்று போட்டிருந்தால் ஒரு தாள் 5 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஜெராக்ஸ் கடையில் இருப்பது இந்தத் தாள்தான். ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும். தண்ணீர் வேலைக்கு 200-க்கு மேல் வாங்குங்கள். ஜெய்ப்பூர் பக்கத்துச் சாங்கானேரில் கையால் செய்யும் காகிதம் தில்லியிலும் விற்கிறது. பார்க்க அழகு. ஆனால் சொரசொரப்பானதை வாங்கினால் பென்சில் கோடு திக்கும். கிரேயான் மேடுகளில் மட்டும் பிடித்து, பள்ளங்களை வெள்ளையாக விடும். சிலருக்கு அந்தப் புள்ளி அழகு பிடிக்கிறது. எனக்கும் பிடிக்கும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி வரை போகிறது. கிரேயான் பெட்டியை ஜன்னலில் வைக்காதீர்கள், இளகிவிடும். பென்சிலைக் கீழே போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குச்சி உடைந்திருக்கும். சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும்.

பெரிய உருவம் செய்ய ஆர்டர் வந்தால் இரண்டுமே வேண்டாம். மேற்குத் தில்லியில் தித்தார்பூர் என்ற இடம். தசராவுக்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள். மூங்கிலும் காகிதமும் வைத்து, வரிசை வரிசையாக ராவணன் தலைகள் செய்வார்கள். வண்ணக் காகிதத்தையே வெட்டி ஒட்டிவிடுவார்கள். அதுதான் சிக்கனம்.

நம் குழுவுக்கு நான் சொல்வது இது. அட்டையும் சின்னப் பெட்டியும்தான் நமக்கு அதிகம் விற்கின்றன. இரண்டிலும் மடிப்பு உண்டு. ஆகவே 12 நிறப் பென்சில் பெட்டி இரண்டு வாங்குவோம். குடைக்கும் தோரணத்துக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று கிரேயான் உதிரியாகக் கிடைத்தால் போதும். பச்சை வேண்டுமானால் மஞ்சள்மேல் நீலத்தைப் பூசித் தண்ணீர் தொடுங்கள். முழுப் பெட்டி வாங்கினால் வெள்ளைக் கிரேயான் கடைசி வரை புதிதாகவே கிடக்கும்.

என்னிடம் இரண்டிலும் பழைய துண்டுகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு தாள் எடுங்கள். பாதியில் பென்சில், பாதியில் கிரேயான். தண்ணீர் தொட்டு, காய்ந்த பிறகு நடுவில் மடித்துப் பாருங்கள்.