இயன்றதை முதலில் எண்ணுவோம்



மனவளர்ச்சி குன்றிய குழந்தையை நிபுணரிடம் அழைத்துச் சென்ற தாய்க்கு நெடுங்காலம் கிடைத்த விடை, நுண்ணறிவு ஈவு என்னும் ஓர் எண் மட்டுமே. அது குறை எவ்வளவு என்று அளந்து சொல்லிற்றேயன்றி, நாளைக் காலையில் அக்குழந்தைக்கு எதைக் கற்பிப்பது என்று சொல்லவில்லை.

அதைச் சொல்லும் சாஸ்திரத்தை நமக்கு வகுத்தளித்தவர்கள், சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் பி. ஜெயச்சந்திரன் அவர்களும் வி. விமலா அம்மையாரும் ஆவர். 1983-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டதும், சிறப்பாசிரியர்கள் எம்.டி.பி.எஸ். என்று வழங்குவதுமான முறையிலே, உண்பது, உடுப்பது, பேசுவது, பணத்தை அறிவது, தொழில் பழகுவது முதலிய 18 துறைகளும், துறைக்கு 20 வீதம், எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் 360 செயல்களும் உள்ளன. குழந்தைக்கு இயன்றதை முதலில் குறித்து, அதற்கடுத்த படியையே அன்றைய பாடமாக வைப்பதுதான் அதன் ஜீவநாடி.

இக்கற்பித்தல் வீட்டிலும் தொடரவேண்டும். ஆந்திர மாநிலத்து நம் நகரிக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நம்பிக்கை நிலையத்தில், குழந்தையோடு பெற்றோருக்கும் பயிற்சி தரப்படுகிறது. ஏனெனில் நிபுணரின் ஒரு மணி நேரத்தைவிடத் தாயின் ஒரு நாள் நீண்டது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். வீட்டிலே தமிழும் பள்ளியிலே தெலுங்கும் கேட்டு வளரும் குழந்தையைத் தெலுங்கில் மட்டும் சோதித்தால், பாஷையின் குறை புத்தியின் குறையாகப் பதிவாகிவிடும். ஆதலால் தாய் பேசும் மொழியிலேயே சோதிக்குமாறு கேட்பது நம் கடமை. அதுபோலவே, தறிச்சத்தத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தார் சுற்றப் பழக்குவதும், கூலியை எண்ணி வாங்கப் பழக்குவதும் கல்வியே என்பதை நாம் உணரவேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனம் நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாகவே வழங்கியிருக்கிறது. ஆகவே, பெற்றோர்களே, பூர்வஜன்ம பாவமென்று எண்ணிக் குழந்தையை உள்ளறையில் மறைக்காதீர்கள். ஆசிரியர்களே, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இன்று இயன்றவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த படியைக் கற்பிக்கும் பொறுப்பை இந்த ஊர் ஏற்கட்டும்.