காசிப் பட்டின் மறுபுறம்

(திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாவும் திருமணமும் நெருங்கினால் சிராங்கூன் சாலையிலும் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் துணிக்கடைகள் களைகட்டும். சரிகைப் பூ நிறைந்த பட்டுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, குழந்தைக்குப் பாவாடை, மங்கைக்கு ரவிக்கை, மணமகனுக்கு ஷெர்வானி எனத் தைக்கக் கொடுப்பது வழக்கம். அத்துணியைப் 'பனாரஸ்' என்று கூறி விற்பர். அப்பெயருக்கு உரிய துணி எது என்று ஆராய்ந்து வாங்குவோர் மிகச் சிலரே.

பனாரஸ் என்பது காசி மாநகரின் மற்றொரு பெயர். அந்நகரின் பட்டு நெசவாளருள் பெரும்பான்மையோர் இசுலாமியர். அவர்கள் நெய்த பட்டை இந்து மணமகள் உடுத்துகிறாள். அவர்கள் நெய்யும் 'கியாசர்' என்னும் கனத்த சரிகைத் துணி திபெத்திய பௌத்த மடங்களை அணிசெய்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பக்திக் கவிஞர் கபீர்தாசரும் அந்நகரின் நெசவாளர் குடியில் வளர்ந்தவரே.

முற்காலத்தில் பூ வடிவத்தை நூலிலேயே முடிந்து 'நக்ஷா' என்னும் அமைப்பை உருவாக்கினர். ஒருவர் பாவிழைகளைத் தூக்கிக் கொடுக்க, மற்றவர் நெய்வார். 1804இல் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் அமைத்த துளையட்டைக் கருவி பிற்காலத்தில் காசித் தறிகளிலும் ஏறியது. இழைகளைத் தூக்கும் வேலை எளிதாயிற்று. ஆயினும் பூவிற்குச் சரிகை கோக்கும் வேலை கையிடமே நின்றது.

அவ்வேலையில் இரு முறைகள் உண்டு. 'கடுவா' முறையில் ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனியே சிறு கண்டு கொண்டு சரிகையைக் கோத்து நெய்வர். அடர்ந்த வேலைப்பாடாயின், நாள் முழுதும் உழைத்தாலும் துணி சில அங்குலமே வளரும். 'ஃபேக்வா' முறையில் சரிகை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடும். பூக்களுக்கு இடையே பின்புறம் தொங்கும் இழைகளைப் பின்னர் நறுக்கி விடுவர்.

தையலுக்குத் துணி எடுப்போர் இவ்வேறுபாட்டை அறிதல் நலம். கடுவாத் துணியின் மறுபுறத்தில் ஒவ்வொரு பூவும் தனித்து முடிந்திருக்கும். கத்தரி பட்டாலும் மற்றப் பூக்கள் குலையா. நறுக்கிய துணியில் இழை நுனிகள் தென்படும். அவை உருவி வராதிருக்க உள்துணி வைத்துத் தைத்தல் வேண்டும். ஆகவே துணியின் முகப்பைப் பார்க்குமுன் மறுபுறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

விசைத்தறித் துணி முகப்பின் அழகைப் போலச் செய்யும். பூவுக்குப் பூ கைகோக்கும் உழைப்பு அதில் இல்லை. அது பனாரஸ் கைத்தறி என்ற பெயரிலேயே மலிவாக விற்கப்படும்பொழுது, கைத்தறியாளரின் கூலியும் அம்மலிவுக்கு இறங்குகிறது. தந்தையின் தறியில் அமர மகன் தயங்குகிறான். இந்நிலையைத் தடுக்கும் பொருட்டே பனாரஸ் சரிகைப் பட்டுக்கு 2009இல் இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. தூய பட்டுக்குப் பட்டுக் குறியும், கைத்தறிக்குக் கைத்தறிக் குறியும் உள்ளன.

சட்டம் பெயரைக் காக்கும். தறியைக் காப்பது வாங்குவோரின் கையே. விசைத்தறித் துணி வாங்குவது குற்றமன்று. அதனைக் கைத்தறி என்று நம்பிக் கைத்தறி விலை கொடுப்பதே ஏமாற்றம். பத்து மீட்டர் போலியை விட இரண்டு மீட்டர் மெய்யான கைத்தறி மேலானது. அத்துணியில் தைத்த பாவாடையைத் தாய் பேணி வைத்தால் மகளும் உடுத்தலாம். காசியில் ஒரு தறியும் ஓய்வின்றி ஓடும்.